குடல், இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு தளர்ந்த முதியவரை வீட்டில் தேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடல், மலக்குடல், இரைப்பைப் புற்றுநோய்க்காக வயிற்றில் அறுவை முடிந்து வீடு திரும்பும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கானது இந்தப் பக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியில் உங்கள் மருத்துவர் வேறு மாதிரி எழுதியிருந்தால், அவர் எழுதியதையே பின்பற்றுங்கள்.

அப்பா ரொம்பத் தளர்ந்திருக்கிறார், கவனமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். வயதானால் எல்லோருக்கும் தளர்ச்சி வரத்தானே செய்யும்?

எண்பது வயதில் தனியாகச் சந்தைக்குப் போய் வருபவர் இருக்கிறார். அறுபத்தெட்டு வயதில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவரும் இருக்கிறார். மருத்துவர் சொல்வது இரண்டாமவரைப் போன்றவரை. காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தாலே தளர்ச்சி என்று கணக்கு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் உடம்பின் சேமிப்பு குறைவு. மற்றவர்கள் இரண்டு நாளில் சமாளித்துவிடும் வயிற்றுப்போக்கோ சளியோ இவரைப் படுக்கையில் தள்ளிவிடும். தையல் பெரும்பாலும் தானே ஆறிவிடும். இவர் பழையபடி நடமாடுவாரா என்பது கால், வாய், மூளை மூன்றும் எப்படித் தேறுகின்றன என்பதைப் பொறுத்தது.

உடம்பு தேறும்வரை படுத்தே இருக்கட்டும் என்று நினைக்கிறோம். சரியா?

இல்லை. பாசத்தால் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அறுவையின் அழற்சியும் சேர்ந்தால் கரைவது இன்னும் வேகமாகும்.

எழும் முறை முக்கியம். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்தால் வயிற்றுத் தையலில் இழுவை விழும். முதலில் முழங்காலை மடக்கி ஒரு பக்கமாகப் புரள வேண்டும். பிறகு இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையால் கட்டிலை ஊன்றித் தள்ளி உட்கார வேண்டும். அப்படியே இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்றால் எழலாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும். அவர் இடுப்பில் துண்டைக் கட்டி, அதைப் பிடித்து உதவுங்கள்.

ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிட நடையாக, நாளைக்கு ஐந்தாறு முறை போதும். வாரத்துக்கு வாரம் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காருவதை மூன்று வேளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை எப்போதும் நாற்காலியில் உட்கார வைத்தே கொடுங்கள். அதுவே ஒரு உடற்பயிற்சி, புரையேறுவதும் குறையும்.

மருத்துவமனையில் கொடுத்த மூன்று பந்துக் கருவியை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை மெதுவாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ஊதுவது அல்ல, பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இருமும்போது தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொண்டால் வலி குறையும். 4, 5 கிலோவுக்கு மேல் எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது. தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எல்லாம் இதில் அடக்கம்.

என்ன பத்தியம்? கஞ்சியும் ரசம் சாதமும்தான் கொடுக்கிறோம். முட்டை, மீன் கொடுத்தால் புண் சீழ்பிடிக்கும் என்கிறார்களே?

முட்டையும் மீனும் சீழ் பிடிக்க வைப்பதில்லை. புண் ஆறத் தேவைப்படுவதே புரதம்தான். இந்த நிலையில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 75 கிராம். 30 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் இருப்பது 2 கிராம் சொச்சம். நாள் முழுக்கக் கஞ்சியாகவே குடித்தாலும் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

மாதிரிக்கு ஒரு நாள்: காலையில் 200 மி.லி. பால், 6 கிராம். இரண்டு இட்லி, சாம்பார், ஒரு அவித்த முட்டை, 13 கிராம். பதினொரு மணிக்குப் பாலில் கரைத்த பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி, மாவில் மட்டும் 5 கிராம். மதியம் குழைந்த சோறு, 30 கிராம் பாசிப்பருப்பு, முள் நீக்கிய மீன் 75 கிராம், கொஞ்சம் தயிர் என்றால் 28 கிராம் அளவுக்கு வரும். மாலையில் இன்னொரு டம்ளர் பால். இரவு இரண்டு இடியாப்பம், ஒரு முட்டை. கூட்டினால் 70-ஐ ஒட்டி வந்துவிடும். சைவமென்றால் 50 கிராம் பன்னீரில் 9 கிராம், 20 கிராம் சோயா உருண்டையில் 10 கிராம் கிடைக்கும். கடையில் விற்கும் புரத மாவு கட்டாயமில்லை. சாப்பாடு பாதிகூட இறங்காதவருக்குத்தான் அது உதவும்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே வையுங்கள். குடல் அறுவை என்றால் முதல் மூன்று நான்கு வாரம் சக்கை குறைவான உணவாக, தோல் நீக்கிய பருப்பாகக் கொடுங்கள். சுண்டல், கீரைத்தண்டு, வாழைத்தண்டு பிறகு வரட்டும்.

இரைப்பையின் பகுதியையோ முழுவதையுமோ எடுத்திருந்தால் விஷயமே வேறு. அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு என்பது இனி இல்லை. சிறு கிண்ணமாக ஆறேழு வேளை. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் கொடுங்கள். பாயசம், ஜூஸ், சர்க்கரை போட்ட கஞ்சி எல்லாம் நேராகக் குடலுக்குள் கொட்டி, கால் மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கைக் கிளப்பும். முழு இரைப்பையும் போனவருக்கு வைட்டமின் பி12 ஊசி ஆயுள் முழுக்கத் தேவை. சம்மரியில் அது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சாப்பிடவே மறுத்தால் அதட்டுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். எடை குறைந்ததால் பல் செட் ஆடலாம். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று, மருந்து உண்டு. மலச்சிக்கலும் பசியைக் கொல்லும்.

அம்மா இரவில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், இறந்துபோன பாட்டியைக் கூப்பிடுகிறார். பேய் பிடித்ததா, மறதி நோயா?

இரண்டும் இல்லை. ஓரிரு நாளில் திடீரென்று தொடங்கி, காலையில் தெளிந்து இரவில் கூடினால் அது டெலிரியம், அதாவது உடல்நலக் கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பம். மூளை சொல்லும் அபாய அறிவிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல், சாப்பிடாமல், எப்போதும் தூங்கி வழிபவரை ‘நிம்மதியாகத் தூங்குகிறார்’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவது வகைதான் அதிகம் தவறவிடப்படுவது.

காரணத்தைத் தேடுங்கள்: காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, நான்கு நாள் மலம் போகாதது, அடங்காத வலி, நீர்ச்சத்துக் குறைவு, சர்க்கரை இறங்கியது, டிரமடால் போன்ற கடும் வலிக்கான மாத்திரை. தினமும் குடித்துவந்தவர் மருத்துவமனையில் சட்டென்று நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவை எல்லாவற்றுக்கும் தீர்வு உண்டு. அதனால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், எதிரில் கடிகாரமும் நாட்காட்டியும் இருக்கட்டும், பழக்கமான ஒருவர் இரவில் பக்கத்தில் படுக்கட்டும். கையைக் கட்டிப் போடாதீர்கள். தூக்க மாத்திரையோ, தூங்கட்டுமே என்று சளி மாத்திரையோ கொடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பல சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின் குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரையும் அடைக்கும். அதே சமயம், பல வருடமாகத் தூக்க மாத்திரை எடுத்தவருக்கு அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

வலிக்கு எது பாதுகாப்பு? மலச்சிக்கலுக்கு?

பாராசிட்டமால். வலித்தபின் தேடாமல், முதல் சில நாள் நேரம் வைத்து 500 மி.கி. நான்கு வேளை. 50 கிலோவுக்குக் குறைந்த, மெலிந்த முதியவருக்கு நாளுக்கு 2 கிராமைத் தாண்டாதீர்கள். டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையும் ஊசியும் வேண்டாம். பிரஷர் மாத்திரையும் நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்த உடம்பில் அவை சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும். வலியைப் பொறுத்துக்கொள்வதும் நல்லதல்ல. வலிப்பவர் இருமமாட்டார், நடக்கமாட்டார், சளி கட்டும்.

டிரமடாலோ மார்ஃபினோ கொடுத்திருந்தால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும், லாக்டுலோஸ் போல. இசப்கோல் இந்த நேரத்துக்குப் பொருந்தாது. தண்ணீர் போதாவிட்டால் உள்ளேயே கெட்டியாகும். கட்டியை எடுத்தபின் மலக்குடலில் இணைப்பு (வெட்டிய குடல் முனைகளைச் சேர்த்துத் தைத்த இடம்) போட்டவருக்கு அறுவை மருத்துவரைக் கேட்காமல் எனிமா கொடுக்கவே கூடாது, இணைப்பு கிழியலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றில் தினமும் ஊசி போடச் சொல்கிறார்கள். அவசியமா?

அவசியம். புற்றுநோய், பெரிய அறுவை, நடமாட்டக் குறைவு மூன்றும் சேரும்போது காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கிறது. வழக்கமாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் 40 மி.கி. தினம் ஒன்று, அறுவை நாளிலிருந்து 4 வாரம் வரை. சிறுநீரகம் மந்தமென்றால் அளவு குறையும்.

தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, ஒரு நாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம். தழும்பையும், ஸ்டோமாவையும் (மலம் வெளியேற வயிற்றில் வைத்த குடல்வாய்) விட்டு விலகிப் போடுங்கள். சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேராக முழுவதும் செலுத்தி, மருந்து இறங்கி முடிந்த பிறகே மடிப்பை விடுங்கள். தேய்க்காதீர்கள், ரத்தம் கட்டும். சிறு நீலத் தடம் சாதாரணம். கறுப்பு மலமோ நிற்காத ரத்தமோ சாதாரணமல்ல. ஊசியை மறுபடி மூட முயலாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மருத்துவமனையில் கொடுங்கள்.

வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். அதில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், அது சிறுகுடலில் வைத்ததா பெருங்குடலில் வைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெருங்குடல் ஸ்டோமாவில் ஓரளவு கெட்டியான மலம் வரும், சிக்கல் குறைவு. சிறுகுடல் ஸ்டோமாதான் தளர்ந்தவரை மறுபடி மருத்துவமனைக்கு அனுப்புவது. அதில் கூழாக நாளுக்கு 500 முதல் 1,000 மி.லி. வரும். 1,500-ஐத் தாண்டினால் உடம்பின் உப்பும் நீரும் வடிந்து சிறுநீரகம் பாதிக்கப்படும்.

அதனால் முதல் மாதம் ஒவ்வொரு முறையும் அளவு ஜாடியில் ஊற்றி அளந்து நோட்டில் எழுதுங்கள். கூடுதலாகப் போகிறதே என்று வெறும் தண்ணீராகக் குடிக்க வைத்தால் இன்னும் அதிகம் போகும். உப்பில்லாத நீர் குடலில் உப்பை இழுத்துக்கொண்டு வெளியேறும். இளநீரில் சோடியம் குறைவு, அதுவும் ஈடாகாது. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைச் சரியாக ஒரு லிட்டர் ஆறிய நீரில் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஜவ்வரிசி கெட்டிப்படுத்தும். முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்த் துருவல், சோளம், காளான் அடைத்துக்கொள்ளும்.

ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் போல இருக்க வேண்டும். கறுத்தால் உடனே மருத்துவமனை. பையைத் தோலில் ஒட்டும் தட்டின் துளையை ஸ்டோமாவைவிட 2, 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் மலம் தோலில் பட்டு வெந்துபோகும், தட்டும் ஒட்டாது. முதல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கும் என்பதால் வாரம் ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். பழைய அளவு அட்டையை வைத்தே வெட்டிக்கொண்டிருப்பதுதான் கசிவுக்கு வழக்கமான காரணம். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். தட்டை மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் சாப்பிடுமுன் மாற்றுங்கள். வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாக உலர்த்தினால் போதும். டெட்டால், எண்ணெய், பவுடர் வேண்டாம். வெயில் காலத்தில் வியர்வையால் சீக்கிரம் கழன்றுவரும், கையிருப்பைக் கூட்டி வையுங்கள்.

பழைய பிரஷர், சுகர் மாத்திரைகளை அப்படியே தொடரலாமா?

கேட்காமல் தொடர வேண்டாம், கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். எடை ஆறேழு கிலோ குறைந்து, பாதிச் சாப்பாடு சாப்பிடுபவருக்குப் பழைய அளவு அதிகமாகிவிடும். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும், மூன்று நிமிடத்திலும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அவர் இரவில் எழுந்து போகும்போது விழப்போகிறார் என்று பொருள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சடாரென இறங்கும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி, பேதி உள்ள நாளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய சுகர் மாத்திரைகள், நீர் மாத்திரை ஆகியவற்றைப் பற்றி உடனே கேளுங்கள்.

குளிக்கலாமா? தையலில் மஞ்சள் பூசலாமா?

மருத்துவர் அனுமதித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து குவளையால் ஊற்றிக் குளிக்கலாம். ஒற்றி உலர்த்துங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் புண்மேல் வேண்டாம்.

கழிப்பறை இந்திய வகை. என்ன செய்வது?

குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது, வயிற்றிலும் அழுத்தம் ஏறும். கமோடு நாற்காலி ஒன்று வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். இரவில் கட்டிலருகே, பகலில் கழிப்பறைக்குள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுவார்கள், அது பிடுங்கிக்கொண்டு வரும். சுவரில் பதித்த கைப்பிடி தேவை. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். வேட்டியைவிடக் கைலி நல்லது, அதைவிட அரைக்கால் டவுசர். குதிகாலில் பட்டை உள்ள செருப்பு, வழியில் இரவு விளக்கு, கட்டில் 45 முதல் 50 செ.மீ. உயரம். பெரும்பாலான வீழ்ச்சிகள் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில்தான்.

எதைப் பார்த்தால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்?

குடல் இணைப்பு கசிவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். சிலருக்கு அது வீடு வந்த பிறகுதான் தெரியவரும். இளையவருக்குக் காய்ச்சலும் கடுமையான வலியும் வரும். முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல், நாடித்துடிப்பு ஏறுவது, புதிதாகக் குழப்பம், ‘என்னவோ சரியில்லை’ என்ற முகம் ஆகியவை மட்டும் இருக்கலாம். ஓய்வில் துடிப்பு 110-ஐத் தாண்டுவது, 100.4 டிகிரிக் காய்ச்சல், வயிறு உப்பிக் காற்றுப் பிரியாதது, பச்சை வாந்தி, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, ஆக்சிஜன் 92-க்குக் கீழே இறங்குவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்த உறைகட்டியாக இருக்கலாம், அதற்கும் அன்றைக்கே போங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108. காயத்திலிருந்து திடீரென இளஞ்சிவப்பு நீர் கொட்டினால் உள்தையல் பிரிகிறது; குடல் தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள், உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். முடிந்தவரை அறுவை செய்த மருத்துவமனைக்கே போவது நல்லது. அந்த வார்டின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தாத்தாவிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் வைத்திருக்கிறோம். சரிதானா?

பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் மறைப்பதும் தெரிந்திருக்கும். ‘கட்டி எடுத்தாச்சு, அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டால், அடுத்து கீமோவுக்குக் கூப்பிடும்போது ஏன் என்று கேட்பார், வர மறுப்பார். ‘உங்களுக்கு என்ன தெரியும் தாத்தா, இன்னும் என்ன தெரிஞ்சுக்கணும்?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

வீட்டில் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். உதவி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும், இயன்முறை சிகிச்சையும், வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். 104-ல் மருத்துவ ஆலோசனை, 14567-ல் முதியோர் உதவி. சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை உண்டு. வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகளிடம் பணம் மட்டும் கேட்காதீர்கள். மாதம் ஒரு வாரம் வந்து இரவு முறை பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம்தான் முதலில் போவது.

கீமோவுக்கு எப்போது போக வேண்டும்?

எல்லோருக்கும் தேவைப்படாது, பயாப்ஸி முடிவைப் பொறுத்தது. பெருங்குடலில் தேவைப்பட்டால் வழக்கமாக அறுவையிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குவார்கள். அந்த நாளில் அவர் நடந்து உள்ளே வருகிறாரா, சக்கர நாற்காலியில் வருகிறாரா என்பதையும் பார்த்துத்தான் மருந்தின் அளவைக் குறைப்பதா, கீமோவே வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடுத்த எடை, ஸ்டோமா அளவு நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து எடுத்தால் அதுவும், பயாப்ஸி ரிப்போர்ட் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட்டின் நகலைக் கொடுங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும்.